மஞ்சள் அட்டையும் மயங்கும் உடம்பும்

திருவண்ணாமலை கூட்டத்தை நம்பி வாழும் ஊர். 2,668 அடி உயர மலையின் உச்சியில் கார்த்திகை தீபம் ஏற்றப்படும் நாளில் லட்சக்கணக்கானவர்கள் அடிவாரத்தில் அண்ணாந்து நிற்கிறார்கள். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் விடிய விடிய ஜனங்கள் நடக்கிறார்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் பௌர்ணமி கிரிவலத்துக்குத் தடை விழுந்தது. அது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நீடித்தது. 2021 தீபத் திருவிழாவுக்கும் வரம்பு கட்டிய எண்ணிக்கையில்தான் பக்தர்களை விட்டார்கள். அதே பருவத்தில் சபரிமலைக்கு மாலை போட்டவர்களிடம் இரண்டு தவணைத் தடுப்பூசிச் சான்றிதழோ, 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் முடிவோ கேட்டார்கள். தமிழகப் பொது சுகாதாரத் துறையும் 1939ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கையில் எடுத்து, பொது இடங்களுக்கு வருகிறவர்கள் ஊசி போட்டிருக்க வேண்டும் என்று 2021 நவம்பரில் அறிவித்தது. யாத்திரை போகிறவரிடம் ஊசிக்கு அத்தாட்சி கேட்பார்கள் என்பதே பலருக்கு அன்றுதான் தெரியவந்தது. ஆனால் ஏற்பாடு பழையது. அது எதற்காக இருக்கிறது, எந்த இடத்தில் அது மனித உடம்பைச் சரியாகக் கணக்கில் எடுக்காமல் விடுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

1905இல் திருவண்ணாமலையில் பிளேக் பரவியது. ஊரே காலியானது, ரமண மகரிஷியும் விருபாட்ச குகையை விட்டுப் பச்சையம்மன் கோயிலுக்குப் போய் ஆறு மாதம் தங்கினார் என்று அவர் வரலாறு சொல்கிறது. வால்டெமர் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி பம்பாயில் பிளேக் தடுப்பூசியை உருவாக்கி, 1897 ஜனவரியில் அதை முதலில் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்து எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நோய் கண்ட பகுதிகளிலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்கு 'பிளேக் பாஸ்போர்ட்' கொடுத்து, போன ஊரில் நாள்தோறும் ஆஜராகச் சொல்லும் வழக்கம் அந்தக் காலத்துச் சென்னை மாகாணத்தில் இருந்தது. பின்னால் திருவிழாக்கள்தோறும் காலரா ஊசி வந்தது. கண்ணாடி சிரிஞ்சு, கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய தடித்த ஊசி, போட்ட மறுநாள் கை வீங்கிக் காய்ச்சல். அவ்வளவையும் தாங்கிக்கொண்டதற்குக் கிடைத்த பலன் குறைவு. பழைய காலரா ஊசி நோய் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பரவுவதைத் தடுக்கவில்லை என்று தெளிவானதும், 1973இல் உலக சுகாதாரப் பேரவை பயணிகளுக்கான அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டது. பயணத்துக்கு ஊசி கேட்கும் எந்த அரசுக்கும் இதில் முதல் பாடம் இருக்கிறது: பரவலைத் தடுக்க முடிகிற ஊசிக்கு மட்டுமே அட்டை கேட்கலாம்.

இன்றைக்கு அந்தச் சோதனையில் தேறி நிற்பது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. மஞ்சள் காமாலை வேறு, இது வேறு. இது ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் கொசு பரப்பும் வைரஸ் காய்ச்சல். இந்தியாவில் இந்த நோய் இல்லை. ஆனால் இதைச் சுமக்கக்கூடிய ஏடிஸ் எஜிப்தி கொசு இங்கே தாராளமாக இருக்கிறது. நம் தெருக்களில் டெங்குவைப் பரப்புவது அதே கொசுதான். பிரேசிலிலிருந்து ரமணாசிரமத்துக்கு வரும் ஒருவர் ரத்தத்தில் வைரஸோடு செங்கம் சாலையில் அறை எடுத்துத் தங்கினால், மாடித் தொட்டியில் முட்டையிட்டுப் பெருகிய கொசுவுக்கு அதற்குமேல் எதுவும் தேவையில்லை. ஆகவேதான் நோயுள்ள நாட்டிலிருந்து புறப்பட்ட 6 நாட்களுக்குள் இந்தியா வந்து சேருகிறவர், 'மஞ்சள் அட்டை' எனப்படும் செல்லுபடியாகும் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாவிட்டால், 6 நாள் வரை தனிமைப்படுத்தப்படுகிறார். கப்பலுக்குக் கணக்கு இன்னும் நீளம்: நோயுள்ள நாட்டுத் துறைமுகத்தை முந்தைய 30 நாட்களுக்குள் தொட்டுவிட்டு, முறைப்படி கொசு மருந்து அடிக்காமல் வந்த கப்பலும் விதிக்குள் அடங்கும். இங்கிருந்து அந்த நாடுகளுக்குப் போகிறவர்களுக்கும், அவ்வழியே செல்லும் கப்பல்களில் வேலைக்குச் சேருகிற சமையல்காரர்களுக்கும் அறை உதவியாளர்களுக்கும் இதே மஞ்சள் அட்டைதான்.

உல்லாசக் கப்பலை எடுத்துக்கொண்டால் நிபந்தனையின் நியாயம் இன்னும் பளிச்சென்று தெரியும். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்திவைக்கப்பட்ட 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள். 700க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொரோனா தொற்றியது. அதிலிருந்த இந்தியர்கள் 138 பேர். அவர்களில் 132 பேர் பயணிகள் அல்லர், ஊழியர்கள். ஒரே சாப்பாட்டுக்கூடம், ஒரே படிக்கட்டு, நடுக்கடலில் ஆஸ்பத்திரி கிடையாது. 2021இல் கப்பல் கம்பெனிகள் தடுப்பூசி இல்லாதவர்களை ஏற்ற மறுத்ததில் ஆச்சரியமில்லை; நிலைமை மாறியதும் 2022இல் பெரும்பாலான கம்பெனிகள் அதைத் தளர்த்தியதும் முறைதான். ஹஜ் பயணிகள் மக்காவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால், மூளை உறைக் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது 10 நாள் முன்னதாகப் போட்டிருக்க வேண்டும் என்று சவூதி அரசு கேட்பதும் இதே தர்க்கம்தான். ஆக, நிபந்தனை வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நிபந்தனை போடுகிறவர்கள் ஒன்றைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறார்கள், சந்தேகம் அங்கேதான்: சட்டையை மடித்துக் கையை நீட்டுவது எல்லோருக்கும் ஒரே அளவு எளிது என்பது அது. எளிதல்ல. கட்டாயம் என்று சொல்லிவிட்டால், கையை நீட்ட முடியாத உடம்புக்கு வழிசெய்து கொடுப்பதும் அந்தக் கட்டாயத்தில் ஒரு பகுதியாகிவிடுகிறது. அதற்கு ஆகும் செலவு ஒரு பெஞ்சும் கொஞ்சம் அறிவும்தான்.

முதலில் இரண்டு பயங்களைப் பிரித்துவிட வேண்டும். சிரிஞ்சுக்குள் இருக்கும் மருந்தைப் பற்றிய பயம் ஒன்று. சிரிஞ்சையே பற்றிய பயம் இன்னொன்று. நடிகர் விவேக் 2021 ஏப்ரலில் கொரோனா ஊசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் காலமானபோது தமிழ்நாட்டில் பரவியது முதல் வகை. அவருடைய மறைவுக்கு ஊசி காரணமல்ல என்று மத்திய ஆய்வுக் குழு பின்னர் சொன்னது. அத்தகைய பயத்துக்கு மருந்து தகவல். இரண்டாவது வகைக்குத் தகவல் உதவாது. ஊசி நல்லது என்று முழுக்க நம்புகிறவரும், ஏன், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவரும்கூட அதில் மாட்டிக்கொள்கிறார்கள். 2019இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது: சிறு பிள்ளைகளில் பெரும்பான்மையினருக்கு ஊசி பயம் உண்டு; வளரிளம் பருவத்தில் 20 முதல் 50 சதவீதம், இளம் வயதினரில் 20 முதல் 30 சதவீதம். ஃப்ளூ ஊசியைப் பயத்தால் தவிர்த்தவர்களில் மருத்துவமனை ஊழியர்களும் இருந்தார்கள். 2021இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் பிரிட்டனில் 15,000 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பில் நான்கில் ஒருவருக்கு இந்தப் பயத்தின் அறிகுறிகள் தெரிந்தன. கொரோனா ஊசி போட்டுக்கொள்ளத் தயங்கியவர்களில் சுமார் பத்து சதவீதத் தயக்கத்துக்கு இதுவே காரணம் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். சதிக்கதைகளை நம்புகிறவர்கள் என்று நாம் ஒட்டுமொத்தமாக ஒதுக்கிவைத்த கூட்டத்தில் இவர்களும் வாயைத் திறக்காமல் நின்றிருந்தார்கள்.

இந்தப் பயத்தை மற்றப் பயங்களோடு சேர்த்துவைக்க முடியாததற்கு ஓர் உடற்கூற்றுக் காரணம் இருக்கிறது. பாம்பைக் கண்டால், மொட்டைமாடி விளிம்பில் நின்றால், இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தத்தோடு யாரும் மயங்கி விழுவதில்லை, ஓடத்தான் செய்வார்கள். ஊசி, ரத்தம், காயம் இந்த மூன்றும் விதிவிலக்கு. இங்கே இரண்டு கட்டங்கள் உண்டு. முதலில் வழக்கம்போலப் படபடப்பு. அடுத்த சில நொடிகளிலோ நிமிடங்களிலோ எல்லாம் தலைகீழாகிறது: வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைச் சடாரென்று குறைக்கிறது, அதே நேரம் கால்களிலும் வயிற்றிலும் உள்ள ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. ரத்தம் கீழே தங்கிவிடுகிறது, மூளைக்குப் போவது குறைகிறது. முகம் வெளிறும், காது அடைக்கும், உள்ளங்கை வேர்க்கும், 'கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது' என்று சொல்லி முடிப்பதற்குள் ஆள் கீழே. ஊசி பயம் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒருமுறையாவது இப்படி விழுந்தவர்கள் என்று ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ் கோரான் ஓஸ்ட் கண்டார். 1994இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்க் கையேட்டில் ரத்தம், ஊசி, காயம் பற்றிய பயத்தைத் தனி வகையாகவே பட்டியலிட்டது. விழுந்தவர் தரையில் படுத்துவிட்டால் ரத்தம் தானாகத் தலைக்குத் திரும்பும். ஓரிரு நிமிடத்தில் எழுந்துவிடுவார். மயக்கத்தில் ஆபத்தில்லை. விழும்போது தலை மேசை விளிம்பில் மோதுவதில்தான் ஆபத்து.

இதைக் கோழைத்தனம் என்று பார்க்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாகவே இருக்கிறது. மீசை வைத்த ஆள் ஊசிக்கு மயங்கினால் சினிமாவில் அது நகைச்சுவைக் காட்சி. ஆனால் வேகஸ் நரம்பு மீசையைப் பார்த்து வேலை செய்வதில்லை. இந்த மயக்கம் குடும்பம் குடும்பமாக வருகிறது. பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர் என்று யாராவது ஒருவருக்கு அதே தொல்லை இருந்ததை ஓஸ்டின் ஆய்வுகள் காட்டின. பயம் பெரும்பாலும் பள்ளி வயதிலேயே பிடித்துவிடுகிறது. ஒருமுறை மயங்கியவருக்கு அடுத்த முறை ஊசியைவிட மயக்கமே பெரிய பயமாகிவிடும், நாலு பேர் முன்னால் விழுந்த அவமானம் அதோடு சேர்ந்துகொள்ளும். 'தைரியமா இரு' என்று இவரிடம் சொல்வது கிட்டப்பார்வை உள்ளவரிடம் உற்றுப்பார் என்று சொல்வதற்குச் சமம்.

தைரியம் சொல்வதற்குப் பதிலாகச் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. அது 1980களிலேயே கண்டுபிடிக்கப்பட்டும் நம் ஊர் ஊசி அறைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. ஓஸ்டும் அவர் சகாக்களும் வகுத்த பயிற்சியின் அடிப்படை எளிது: விழுவது ரத்த அழுத்தம் என்றால், அதை ஏற்றி வைத்துக்கொள்ள வேண்டும். உட்கார்ந்தபடி தொடை, வயிறு, தோள், ஊசி போடாத கையின் முஷ்டி எல்லாவற்றையும் இறுக்க வேண்டும். 10, 15 நொடியில் முகத்தில் சூடு ஏறுவது தெரியும். அப்போது இறுக்கத்தை விட்டு, இயல்பு நிலைக்கு மட்டும் வர வேண்டும். தொய்ந்து சாயக் கூடாது. 20, 30 நொடி கழித்து மறுபடி இறுக்கம். இப்படி ஐந்து முறை. ஊசி ஏறும் கையை மட்டும் துணிபோலத் தளர விட வேண்டும், இறுகிய தசையில் ஏறினால் வலிக்கும். இதை வீட்டில் ஒரு வாரம் பழகியவர்கள் ஊசி நாற்காலியில் தன்னிச்சையாகச் செய்துவிடுகிறார்கள். வழக்கமான ஆலோசனை இதற்கு நேர் எதிராக இருப்பதைக் கவனியுங்கள். 'மூச்சை நல்லா இழுத்து விடுங்க, ரிலாக்ஸா இருங்க' என்று நர்ஸ் அன்போடு சொல்வது பதற்றம் மட்டும் உள்ளவருக்கு நல்லது. மயங்கும் வகையினருக்கு, ஏற்கெனவே தளரும் ரத்தக்குழாயை இன்னும் தளரச் சொல்வதுபோல. 'இதுக்கு முன்னால ஊசி போட்டப்ப மயக்கம் வந்திருக்கா?' என்ற ஒரே கேள்வி இந்த இரு வகையினரையும் பிரித்துவிடும். மயங்காமல் வெறும் பயத்தால் ஓடுகிறவர்களுக்கு வழி, படிப்படியாகப் பழகுவது: படம், வீடியோ, ஊசியில்லாத சிரிஞ்சைக் கையில் பிடிப்பது, ஸ்பிரிட் பஞ்சு தோளில் படுவது என்று ஒவ்வொரு படியிலும் படபடப்பு அடங்கும்வரை நின்று பிறகு ஏறுவது. பயிற்சி பெற்றவர் உடனிருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் நீளும் ஒரே அமர்வில்கூடப் பெரும் மாற்றம் வருவதை அதே ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

கோயில் ஊருக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. தீபத்துக்கு வருகிறவர்களில் பலர் விரதம். வரிசையில் மணிக்கணக்காக நிற்கிறார்கள். நின்றுகொண்டே இருப்பதால் கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் தேங்குகிறது. கூட்டத்தில் கழிப்பறை தேட வேண்டியிருக்குமே என்று பெண்கள் தண்ணீரும் குடிப்பதில்லை. வெறும் வயிறு, நீர் வற்றிய உடம்பு, நிற்கும் கால்: மயக்கத்துக்கு வேண்டிய அத்தனையும் தயார். திருவிழா வாசலில் முகாம் போட்டு, நின்ற வாக்கில் நூறு பேருக்கு ஊசி போடுவது வேகமாகத் தெரியும். சிலர் சரிந்து விழுந்ததும் மீதிப் பேர் கலைந்துபோவார்கள். ரத்ததானம் செய்கிறவர்களிடம் நடந்த ஆய்வுகளில், முன்னதாக அரை லிட்டர் தண்ணீர் குடித்தவர்களுக்கு மயக்கம் குறைவது தெரிந்தது. முன்பு மயங்கியவரைப் படுக்கவைத்தே ஊசி போடலாம். படுத்திருப்பவர் விழுவதற்கு இடமில்லை. பெரும்பாலான மயக்கம் முதல் 15 நிமிடத்துக்குள் வருவதால், அந்த நேரம் உட்கார வைத்திருந்தால் போதும். ஊசிக்குமுன் ஒரு சொம்பு தண்ணீர், ஒரு பெஞ்சு, ஒரு பாய், தட்டையும் சிரிஞ்சுகளையும் வரிசையில் நிற்பவர் கண்ணில் படாமல் மறைக்க ஒரு திரை. இதற்கு அரசாணை ஒன்றும் வேண்டியதில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் நம் ஊர் வழக்கத்திலேயே பாதி அறிவியல் இருக்கிறது. காதுகுத்தில் என்ன நடக்கிறது? குழந்தை தாய்மாமன் மடியில் நிமிர்ந்து உட்காருகிறது. வாயில் வெல்லமோ வாழைப்பழமோ. சுற்றிலும் சொந்தக்காரர்கள், கிலுகிலுப்பை, மேளம். ஆசாரி கண்மூடித் திறப்பதற்குள் வேலையை முடித்துவிடுகிறார். அழுகை அடங்குமுன் அடுத்த சீர் வந்துவிடுகிறது. கனடாவில் அன்னா டாடியோ தலைமையிலான குழு பல ஆய்வுகளைத் திரட்டி 2015இல் வெளியிட்ட ஊசி வலி வழிகாட்டி ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது: குழந்தையைப் படுக்கவைத்து அமுக்காமல் மடியில் நிமிர்த்தி வைக்க வேண்டும், கைக்குழந்தைக்கு ஊசி நேரத்தில் தாய்ப்பால் கொடுக்கலாம் அல்லது நாக்கில் சர்க்கரைக் கரைசல் விடலாம், கவனத்தைத் திருப்ப வேண்டும், இரண்டு ஊசி இருந்தால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போட வேண்டும், ஊசியைச் செருகியபின் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பதை விட்டுவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் அதே ஆண்டு இதையொட்டிய நிலைப்பாட்டை வெளியிட்டது. நம் கையில் இருந்த நல்ல வழக்கத்தைச் சடங்கோடு நிறுத்திக்கொண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வேறொரு வழக்கத்தைக் கொண்டுபோயிருக்கிறோம்: 'சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்.' ஊசியைத் தண்டனையாக வீட்டில் அறிமுகப்படுத்திவிட்டு, பதினைந்து ஆண்டு கழித்து அதே பையன் கப்பல் வேலைக்கு மஞ்சள் அட்டை வாங்க மறுத்தால் வியப்பது எப்படி?

இங்கே ஒரு மறுப்பு எழும். ஆடிக் கிருத்திகைக்குக் கன்னத்தில் அலகு குத்திக்கொள்கிற ஊரில் ஊசி பயமா? டாக்டரிடம் போனாலே 'ஒரு ஊசி போட்டுடுங்க, அப்பத்தான் கேட்கும்' என்று கேட்டு வாங்குகிற ஜனங்களுக்கா? இரண்டும் உண்மை. ஆனால் இரண்டும் இந்தப் பயத்தைப் பொய்யாக்கவில்லை. அலகு குத்துகிறவர் தானே நேர்ந்துகொண்டவர்; நாளும் நேரமும் அவர் குறித்தது; விரதம், பம்பைச் சத்தம், கூட்டத்தின் கோஷம் எல்லாம் அவர் மனத்தை வேறிடத்தில் நிறுத்திவிடுகின்றன. வலி எவ்வளவு என்பதைவிட அது யார் கையில் இருக்கிறது, எதற்காக என்பதை மூளை அதிகம் பார்க்கிறது. அதே மனிதர் டியூப்லைட் வெளிச்சத்தில், பெயர் தெரியாத ஒருவர் கையுறையோடு நெருங்கும்போது மயங்கலாம். இரண்டாவது வாதம் எண்ணிக்கையில் சறுக்குகிறது. வளரும் நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 1,600 கோடி ஊசிகள் போடப்படுவதாகவும், அவற்றில் மிகப் பெரும்பகுதி தடுப்பூசி அல்ல, சிகிச்சைக்கானவை என்றும், பலவும் தேவையற்றவை என்றும் உலக சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டுவாக்கில் மதிப்பிட்டது. கிளினிக்கில் ஊசி கேட்கிறவர்களை நாம் பார்க்கிறோம். ஊசிக்குப் பயந்தவர் கிளினிக் வாசலை மிதிப்பதே இல்லை, ஆகவே அவர் நம் கண்ணில் படுவதில்லை.

இன்னொரு மறுப்பு நிர்வாகத்தின் பக்கமிருந்து வரும்: பயத்தை ஒரு காரணமாக ஏற்றால் ஆளாளுக்கு விலக்கு கேட்பார்கள். விலக்கு வேறு, வசதி வேறு. மஞ்சள் காய்ச்சல் ஊசியில் உயிருள்ள, வலுவிழந்த வைரஸ் இருக்கிறது. நோயெதிர்ப்பாற்றல் குன்றியவர்கள், கடுமையான முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் போன்றோருக்கு மருத்துவர் விலக்குக் கடிதம் தரலாம்; அறுபதைக் கடந்தவர்களுக்கு யோசித்துத்தான் போடுவார்கள். ஊசி பயம் அந்தப் பட்டியலில் இல்லை, இருக்கவும் வேண்டாம். ஒருவர் ஊசிக்குப் பயந்தவர் என்று கொசுவுக்குத் தெரியாது. பயந்தவருக்காகக் கேட்பது படுத்துப் போட்டுக்கொள்ள ஓர் இடம், அவ்வளவே. சட்டமும் ஏறக்குறைய இதே கோட்டைத்தான் வரைந்திருக்கிறது. கொரோனா தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்த ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, உடம்பின் மீதான உரிமை அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்றது. பொது நலனுக்காக அரசு நியாயமான அளவுக்குக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. நியாயமான அளவு எது என்பதில், வாசலைச் சாத்துவதற்கு முன் உள்ளே வரத் துணை செய்தோமா என்ற கேள்வியும் சேரும் என்பது என் வாதம்.

பயத்தைப் பற்றிப் பேசினாலே அது தொற்றிக்கொள்ளும் என்ற அச்சமும் சுகாதாரத் துறையினரிடம் உண்டு. அது வெறும் கற்பனையல்ல. 2021 ஏப்ரலில் அமெரிக்காவின் ஐந்து பெருமுகாம்களில் ஜான்சன் நிறுவனத்தின் ஒற்றைத் தவணைக் கொரோனா ஊசியை 8,624 பேர் போட்டுக்கொண்டபோது 64 பேருக்குப் பதற்றம் சார்ந்த எதிர்வினை வந்தது. 17 பேர் மயங்கினார்கள். நான்கு முகாம்களை நிறுத்தி வைத்தார்கள். மருந்தில் குறை எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஒரே ஊசியோடு முடிந்துவிடும் என்பதால் ஊசிக்குப் பயந்தவர்கள் அந்த மருந்தைத் தேடிப் போயிருக்கலாம் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் முன்வைத்த விளக்கங்களில் ஒன்று. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது மௌனமாக இருக்க வேண்டும் என்பதையல்ல. பயந்தவர்கள் எங்கே கூடுவார்கள் என்று முன்கூட்டி ஊகித்து, முன்பு மயங்கியவர்களைத் தனி அறைக்கு அனுப்பியிருந்தால், ஒருவர் விழுவதை முந்நூறு பேர் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஊசியே இல்லாத தடுப்பு மருந்துகள் வந்துகொண்டிருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். வந்திருப்பது உண்மைதான். 2021 ஆகஸ்டில் அனுமதி பெற்ற சைடஸ் நிறுவனத்தின் சைகோவ்-டி கொரோனா மருந்து, ஊசிமுனை இல்லாத கருவியால் தோலுக்குள் பீச்சப்பட்டது. அதை முதலில் பெறவிருந்த ஏழு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பாரத் பயோடெக்கின் மூக்குவழிக் கொரோனா மருந்து 2023 குடியரசு தினத்தன்று அறிமுகமானது. போலியோ சொட்டு மருந்தும் காலரா வாய்வழி மருந்தும் பழையவை. தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்குமான நுண்முள் ஒட்டுப்பட்டை ஒன்று காம்பியாவில் குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு 2024இல் நல்ல முடிவுகள் வெளியாயின. ஆனால் பயண அட்டைக்குரிய மஞ்சள் காய்ச்சல் மருந்து இன்றும் மாக்ஸ் தைலர் 1930களில் உருவாக்கிய 17டி வகைதான். அதற்காக 1951இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஏறக்குறைய 90 ஆண்டு ஆகியும் அது அரை மில்லிலிட்டர், தோலுக்கடியில், ஊசியால்தான் போடப்படுகிறது. ஆறுதல் ஒன்றுண்டு: 2016 ஜூலை 11 முதல் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். ஒரே ஊசி, ஒரே முறை.

அந்த ஒரு முறையும் எல்லா ஆஸ்பத்திரியிலும் போடமாட்டார்கள். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். 1899இல் தொடங்கப்பட்ட கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும், ராஜாஜி சாலையில் உள்ள துறைமுக சுகாதார அலுவலகமும் சென்னையில் நெடுநாளாக இதைச் செய்துவருகின்றன. மருந்துப் பொடியைக் கலந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும் என்பதால், இத்தகைய மையங்கள் நாள் குறித்துத்தான் ஆட்களைக் கூப்பிடும். திருவண்ணாமலைக்காரர் ஊசி பயத்தோடு விடிகாலை பஸ் பிடித்து, வாந்தி வருமோ என்று சாப்பிடாமலே கிளம்பி, நாலைந்து மணி நேரம் கழித்துப் போய்ச் சேர்கிறார் என்றால், மயக்கத்துக்கான முன்னேற்பாடுகளை அவரே செய்துகொண்டார் என்று அர்த்தம். பயணத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். சான்றிதழ் ஊசி போட்ட 10ஆம் நாளில்தான் உயிர்பெறும். அதற்கு முன்னால் இறுக்கிப் பழக ஒன்றிரண்டு வாரம். மையத்தில் நாள் கிடைக்க இன்னும் சில நாள். ஆக, டிக்கெட் எடுத்த கையோடு தொடங்கினால்தான் சரிவரும். கிளம்புமுன் இரண்டு இட்லி, போய் இறங்கியதும் ஒரு பாட்டில் தண்ணீர். உள்ளே நுழைந்ததும், பெயர் பதியும் மேசையிலேயே, தயங்காமல் சொல்ல வேண்டியது: 'எனக்கு ஊசி போட்டா மயக்கம் வரும் சிஸ்டர், படுத்துக்கறேன்.'